அமைதி பாக்கி

பிடரியில் தொடங்கிய வலி இரண்டு தோளுக்கும் பிரிந்து, முழங்கை வரை இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. காலையிலிருந்து சித்தாள் இருநூறு சட்டிக்கு மேல் கலவை சுமந்திருந்தாள். மற்ற ஊர்களில் கலவை போட மெஷின் உண்டு. அது சுற்றுகிற நேரத்தில் ஆள் இடுப்பில் கைவைத்து நிற்கலாம். இங்கே மெஷின் ஆகாது. மெஷினுக்குள் பொறி பறக்கும். பொறியிலிருந்து கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத அலை கிளம்பும். அந்த அலை குன்றின் மேலிருக்கும் குடைக்குத் தொந்தரவு. அதனால் ஜல்லி, மணல், சிமென்ட் மூன்றையும் மண்வெட்டியால் புரட்டி ஆட்களே கலக்க வேண்டும், ஆட்களே ஏணியில் ஏற்ற வேண்டும். கூலி மட்டும் மெஷின் உள்ள ஊரின் கூலி.

குடை என்று எல்லோரும் சொல்வது ரேடியோ தொலைநோக்கியை. காற்றில் மல்லாந்துகொண்ட குடை மாதிரி வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிற இரும்பு. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் நட்சத்திரங்கள் முணுமுணுத்ததை அது இப்போது ஒட்டுக்கேட்கிறது. முணுமுணுப்பு விழ வேண்டுமானால் பக்கத்தில் யாரும் இரையக் கூடாது. ஆகவே குன்றைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு அமைதி வட்டம். அதைக் காக்க அலைத்தூய்மை அலுவலகம். சித்தாள் சுமந்த கலவை அந்த அலுவலகத்தின் இரண்டாவது மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அமைதியைக் காக்கும் வேலை பெருத்துவிட்டதால் இருக்கிற அறைகள் போதவில்லை.

வேலை முடிந்து வீடு திரும்பியபோது வாசலில் ஒருவன் மீன் முள்ளைப் போன்ற ஒரு கம்பியை வீட்டை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அலுவலகத்தின் அளவையாளன். எப்போதும் அந்தக் கம்பியும் கையுமாகத் திரிவதால் அவனை ஏரியல் என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே கட்டிலில் அவள் வீட்டுக்காரர், மூக்கில் குழாயோடு, சுவரில் சாய்ந்திருந்தார். முப்பது வருஷம் கல் உடைத்தவர். கல்லின் தூள் எல்லாம் நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. ஆஸ்பத்திரி இரவல் கொடுத்த மூச்சு மெஷின் கட்டில் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"வா," என்றார் வீட்டுக்காரர். "உன் புருஷன் சத்தம் போடறானாம். ஆபீஸ்லேர்ந்து கேக்க வந்திருக்காங்க."

"அண்ணன் இல்லக்கா, மெஷின்," என்றான் ஏரியல். "அதோட மோட்டார்லேர்ந்து வருது."

"அது பூனை உறுமற மாதிரிதானே இருக்கு. அடுத்த வீட்டுக்கே கேக்காது."

"காதுக்குக் கேக்கற சத்தம் இல்லக்கா. குடைக்குக் கேக்கற சத்தம்." அவன் கம்பியைச் சுருட்டிவிட்டு ஒரு தாளை நீட்டினான். நாளைக் காலை அலைத்தூய்மை அதிகாரி முன் ஆஜராக வேண்டும்.

மறுநாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலக வாசலுக்குப் போனாள். காவலாளி ஓர் இரும்புப் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போனைக் குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கம்மா."

"என்கிட்ட போன் இல்லைங்க."

"போன் குடுத்தாத்தான் டோக்கன்."

"அப்ப டோக்கன் வேணாங்க."

"டோக்கன் இல்லாம யாரையும் உள்ள விட முடியாது."

"தெனமும் பின்பக்கம் சாரத்து வழியா உள்ளதானே போறேன். நேத்தும் நீங்க பாத்தீங்களே."

"அது கலவை. இது மனு," என்றார் காவலாளி.

அவள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்க் கொத்தனாரிடம் கேட்டாள். அவர் சட்டைப் பையைத் துழாவி ஒரு போனை எடுத்தார். "இதுல பேட்டரியே இல்லம்மா. மட்டம் பாக்க வச்சிருக்கேன், அடி சமமா இருக்கு."

காவலாளி அதை வாங்கி, இருபக்கமும் திருப்பிப் பார்த்து, வெள்ளித்தாளில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டினார். "இதுல பொய் சொல்றவங்கதான் அதிகம்," என்று சொல்லி டோக்கனைக் கொடுத்தார்.

அலைத்தூய்மை அதிகாரியின் மேசையில் ஒரு பித்தளை மணி இருந்தது. மின்சார மணி கூடாது. அவர் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். யாரையும் அதட்டியதில்லை. நாற்காலியைக் காட்டி, அவள் தயங்கியதும் எழுந்து வந்து தானே இழுத்துப் போட்டார்.

"அம்மா, நான் சட்டம் பேசப்போறதில்லை. மனசாட்சியைத்தான் கேக்கறேன். ஒரு நட்சத்திரக் கூட்டம். அங்கேர்ந்து ஒரு அலை கிளம்புது. எட்டுக் கோடி வருஷம் இருட்டுல நடந்து நடந்து வருது. வழியில அதுக்கு ஒரு நிழல் உண்டா, ஒரு வாய் தண்ணி உண்டா? கடைசியில நம்ம குடையில வந்து விழற அந்த ஒரு நொடியில உங்க வீட்டுக்காரர் மெஷினைப் போடறார். நியாயமா?"

"அது வர்றது அவருக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சா பண்ண மாட்டார். எனக்குத் தெரியும். அதனாலதான் நேரம் ஒதுக்கியிருக்கேன்." ஓர் அட்டவணையை அவள் பக்கம் திருப்பினார். "செவ்வாய் காலை பத்திலிருந்து பன்னிரண்டு. வெள்ளி மதியம் ரெண்டிலிருந்து நாலு. குடைக்கு எண்ணெய் போடற நேரம். அப்ப எவ்வளவு வேணாலும் போட்டுக்கலாம்."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் மெஷின்தான் கூடாது. மூச்சு தாராளமா விடலாம். மூச்சு விடறதுக்கு இந்த அலுவலகம் என்னைக்குமே தடை சொன்னதில்லை. வேணும்னா எழுதியே தரேன்."

எழுதியே தந்தார். முத்திரையும் குத்தினார். வீட்டில் அதை வாங்கி வாசித்த வீட்டுக்காரர், "இதைச் சுருட்டி மூக்குல வச்சா வேலை செய்யுமா?" என்று கேட்டார்.

முதல் நாள் அட்டவணைப்படி மெஷினை நிறுத்திப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் அவர் உதடு நாவல் நிறத்துக்குப் போனது. அவள் சுவிட்சைப் போட்டாள். கொஞ்சம் தேறியதும் நிறுத்தினாள். மறுபடி போட்டாள். இரண்டு நாள் இப்படிப் போனதும் அலுவலகத்திலிருந்து நீல அட்டை போட்ட சிறு புத்தகம் ஒன்று வந்தது. முதல் பக்கத்தில் வீட்டு எண், அதன் கீழே: அமைதி பாக்கி, ஒன்பது மணி நாற்பது நிமிடம்.

மறுபடி கொத்தனாரின் போன், மறுபடி பீரோ, மறுபடி டோக்கன். அதிகாரி விளக்கினார்.

"அட்டவணையைத் தாண்டி மெஷின் ஓடின ஒவ்வொரு நிமிஷமும் குடைக்குச் சேர வேண்டிய அமைதி. அதை நீங்க எடுத்துட்டீங்க. பரவாயில்லை, திருப்பிக் குடுத்தாப் போதும்."

"எவ்வளவுங்க ஆகும்?"

அதிகாரியின் முகம் வாடியது. "பணமா? நாங்க என்ன கடையா நடத்தறோம்? எடுத்தது அமைதி, அமைதியாத்தான் கட்டணும். உங்க வீட்டுலேர்ந்து ஒரு மணி நேரம் முழுசா, இடையில ஒரு நொடிகூட அறாம, எந்தச் சத்தமும் வராம இருந்தா பாக்கியில ஒரு மணி நேரம் கழியும்."

"மெஷின் இல்லாம அவரால முடியாதுங்க. நீங்க ஒருதடவை வந்து பாருங்க."

"நான் வரக் கூடாது. வந்தா மனசு இளகிடும்," என்றார் அவர், உண்மையாகவே.

ஆனால் விஷயம் இயக்குநர் காதுக்குப் போனது. குடைக்கும் அலுவலகத்துக்கும் குன்றுக்கும் மேலே இருப்பவர் அவர். அடுத்த வாரமே ஒரு வண்டியில் செம்புக் கம்பி வலை வந்து இறங்கியது. செம்பு வலைக்குள் வைத்துவிட்டால் மெஷினின் அலை வெளியே வராது. முதலில் மெஷினுக்கு மட்டும் சின்னதாகக் கட்டினார்கள். மூச்சுக் குழாய் போக ஓட்டை போட்டார்கள். ஓட்டை வழியாக அலையும் வந்தது. ஓட்டையை அடைத்தார்கள், மூச்சும் அடைத்தது. மூன்று பொறியாளர்கள் வாசலில் உட்கார்ந்து யோசித்து, ஆளையும் உள்ளே வைத்துவிட்டால் ஓட்டையே வேண்டாம் என்று கண்டுபிடித்தார்கள். கட்டில், மெஷின், வீட்டுக்காரர் மூன்றையும் சேர்த்து அறையின் முக்கால்வாசிக்குக் கூண்டு எழுந்தது. மின்சாரக் கம்பியை ஒரு டப்பாவுக்குள் வடிகட்டி உள்ளே விட்டார்கள். கதவுக்குப் பதினாறு கொக்கி.

திறப்பு விழாவுக்கு இயக்குநர் வந்தார். கம்பியில்லா மைக்குக்கும், இரண்டு ஒலிபெருக்கிக்கும், படம் எடுக்கும் கருவிகளுக்கும் ஒருநாள் விலக்குச் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். அந்த மூன்று மணி நேரமும் குடையை மூடிவைத்திருந்தார்கள். தெருவில் நாற்காலி போட்டு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இதைக் கூண்டு என்று சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன்," என்றார் இயக்குநர். "வருந்துகிறேன். அறிவியல் சாதாரண மனிதனை வெளியே நிறுத்திவிடும் என்கிறார்கள். இதோ பாருங்கள், இவரை நாங்கள் உள்ளேதான் வைத்திருக்கிறோம். பிரபஞ்சத்தின் தொடக்கத்தை அறிய இந்த எளிய குடும்பம் கொடுத்த இடம் இது. நாங்கள் அதைக் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டோம், அவர்கள் மறுக்கவில்லை."

கைதட்டினார்கள். நாடாவைக் கத்தரித்தார். படம் எடுத்தார்கள். வலைக்குப் பின்னால் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்த வீட்டுக்காரர் சித்தாளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"முட்டை போடணுமான்னு கேட்டுச் சொல்லு."

"சும்மா இருங்க. காதுல விழப்போவுது."

"விழாது. பதினாறு கொக்கி போட்டிருக்கான்."

ஆனால் கூண்டு வேலை செய்தது. அன்று ராத்திரியும் மறுநாளும் மெஷின் நிற்காமல் ஓடியது, யாரும் தாள் கொண்டுவரவில்லை. உதட்டில் சிவப்பு திரும்பியது. பல மாதத்துக்குப் பிறகு சித்தாள் நடுவில் விழிக்காமல் தூங்கினாள்.

மூன்றாம் நாள் ஏரியல் ஏணியோடு வந்து வீட்டெதிரே இருந்த கம்பத்தில் ஒரு பெட்டியை மாட்டினான். சாப்பாட்டு டப்பா அளவு இருக்கும். மேலே வெயிலில் இயங்கும் தகடு.

"இது என்னப்பா?" என்றார் வீட்டுக்காரர் வலைக்குள்ளிருந்து.

"கூண்டு சரியா இருக்கான்னு கண்காணிக்கற பெட்டிண்ணே. உங்க நல்லதுக்குத்தான். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை ஆபீசுக்குத் தகவல் சொல்லும், 'இந்த வீட்டுல சத்தம் இல்லை, சத்தம் இல்லை'ன்னு. ஒரு நிமிஷம் பேசும், அப்புறம் அடங்கிடும்."

"எதுல பேசும்? வயர் ஒண்ணையும் காணோம்."

"வயர்லெஸ்ண்ணே."

வீட்டுக்காரர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, சித்தாள் பதினாறு கொக்கியையும் கழற்றி உள்ளே போய் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

பத்து நாள் கழித்து நீலப் புத்தகத்தில் புதிய வரி ஏறியது: முப்பத்து மூன்று மணி நாற்பது நிமிடம்.

இந்த முறை காவலாளி அவளைப் பார்த்ததும் பீரோவைத் திறந்தே வைத்தார். அதிகாரியின் மேசை மேல் இரண்டு தாள் சுருள்கள் இருந்தன. "ஒண்ணு பெட்டி அனுப்பற தகவல். பாருங்க, சத்தம் இல்லை, சத்தம் இல்லை, சத்தம் இல்லை. ஆனா நம்ம கூரை மேல ஒரு காது வச்சிருக்கோம். அது உங்க வீட்டுப் பக்கத்துலேர்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை ஒரு நிமிஷம் சத்தம் வருதுங்குது."

"அது அந்தப் பெட்டிதாங்க பேசுது. எங்க வீட்டுக்காரர் அன்னைக்கே சொல்லிச் சிரிச்சாரு."

அதிகாரி பொறுமையாகத் தலையசைத்தார். "பெட்டி அளக்கற கருவிம்மா. அளக்கறது எப்படிச் சத்தம் போடும்? அப்படின்னா அதுவே சொல்லியிருக்குமே. பாருங்க, சத்தம் இல்லைன்னுதானே சொல்லுது."

"அப்ப அது சொல்றதையே எடுத்துக்கங்க."

"ரெண்டு தகவல் மாறுபட்டா கடுமையானதைத்தான் எடுத்துக்கணும். விதி பதினொண்ணு."

கூண்டு தோற்றுவிட்டதாகக் கோப்பில் எழுதப்பட்டது. பாக்கி தீரும்வரை மெஷினை அலுவலகப் பாதுகாப்பில் வைக்க உத்தரவாயிற்று. இரண்டு பேர் வந்து எடுத்துப் போனார்கள். போகிற போக்கில் வீட்டு மின்சாரத்தையும் துண்டித்தார்கள், அமைதி சீக்கிரம் சேரட்டும் என்று. கூண்டை மட்டும் விட்டுவிட்டார்கள். அது நிலையான சொத்து, கழற்ற இயக்குநர் கையெழுத்து வேண்டும்.

அவள் பேருந்து ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். எழுத்தர் பதிவேட்டில் விரலை ஓட்டினார். "உங்க வீட்டுக்காரருக்கு மெஷின் குடுத்தாச்சே."

"அதை எடுத்துட்டுப் போயிட்டாங்கய்யா."

"இங்க குடுத்ததா இருக்கு. பதிவேட்டுப்படி அவர் நல்லா மூச்சு விட்டுக்கிட்டிருக்கார். அதைக் கொண்டுவந்து குடுத்தீங்கன்னா இன்னொண்ணு தரலாம்."

திரும்பி வந்து சிமென்ட் சாக்கு இரண்டில் துணி அடைத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிலில் போட்டாள். வீட்டுக்காரர் அதன்மேல் கவிழ்ந்து, கையை இருபக்கமும் ஊன்றி, உட்கார்ந்தபடியே இரவும் பகலும் கிடந்தார். அப்படிக் கிடந்தால் கொஞ்சம் காற்று இறங்கியது. ஒரு பேச்சில் மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை. அதிலும் ஒன்று நக்கலாக இருந்தது.

"என்ன வேணும், சொல்லுங்க."

"மைக்கு... குடு... பேசணும்."

வீட்டில் விளக்கில்லை, மெஷின் இல்லை, ஒரு கொசு வலைக்குள் நுழைந்தால் அதன் சிறகு கேட்டது. பத்து நாள் அப்படி இருந்தும் ஒரு மணி நேரமும் கழியவில்லை. எந்த ஒரு மணி நேரத்தை எடுத்தாலும் அதில் ஆறு தடவை பெட்டி சத்தம் இல்லை என்று சொல்லியிருந்தது. பாக்கி ஐம்பத்தேழு மணி நாற்பது நிமிடமாயிற்று.

ஏரியல் கம்பியோடு வந்தான். வீட்டைப் பார்த்துப் பிடித்தான், திருப்பினான், கம்பத்துக்கு நேராகப் பிடித்தான், தலையில் மாட்டியிருந்த காதொலியைக் கழற்றினான்.

"பெட்டிதான்க்கா."

"அதை அங்க போய்ச் சொல்லுப்பா."

"எழுதியே குடுத்தேன். படிவத்துல 'சத்தம் வரும் வீட்டின் எண்'னு ஒரு கட்டம் இருக்கு. கம்பம்னு எழுதினேன். கம்பத்துக்கு வீட்டு எண் இல்லைன்னு திருப்பிட்டாங்க. எனக்கு நிரந்தர வேலை இல்லக்கா. வருஷா வருஷம் அவர் கையெழுத்துல ஓடுது." கூண்டுக்குள் கவிழ்ந்து கிடந்தவரைப் பார்த்தான். பிறகு மூலையில் அவள் கவிழ்த்து வைத்திருந்த கலவைச் சட்டியைப் பார்த்தான். "அது இரும்பாக்கா?"

"இரும்புதான். என் கழுத்தைக் கேளு."

"ரெண்டு சட்டியை வாயோட வாய் வச்சு மூடினா உள்ள இருக்கறது எதுவும் வெளிய வராது. நான் பொதுவாச் சொல்றேன். உலக விஷயம்."

மறுநாள் மதிய இடைவேளையில் கொத்தனார் கத்தினார், "ரெண்டு சட்டி குறையுது. எங்கம்மா?"

"தெருவுல ஒண்ணு ஓயாம வாயாடிக்கிட்டிருந்துச்சு. மூட வேண்டியதாப் போச்சு."

கொத்தனார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. இருக்கிற சட்டியில் இரண்டு பேர் மாறிமாறிச் சுமந்தார்கள்.

கம்பத்தில் இரண்டு சட்டியும் பெட்டியைக் கவ்விக்கொண்டு கட்டுக்கம்பியால் இறுக்கப்பட்டு ஆமை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் கணக்குப் போட்டாள். மூன்றாவது நாள் பாக்கி தீர்ந்துவிடும். "மூணு நாள் பல்லைக் கடிச்சுக்கங்க," என்றாள். வீட்டுக்காரர் மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். பேச்சைவிட அது சுலபமாக இருந்தது. மூன்றாவது நாள் மாலை போனபோது, வாரக் கணக்கு வர இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். வீட்டுக்காரர் இரண்டு விரல் காட்டினார்.

ஐந்தாம் நாள் அலுவலகத்தில் ஒரே கொண்டாட்டம். இயக்குநர் முற்றத்தில் ஊழியர்களைக் கூட்டியிருந்தார். சித்தாள் சாரத்தின் மேல் கலவையோடு நின்றதால் எல்லாம் நன்றாகக் கேட்டது.

"குடை நிறுவிய நாளிலிருந்து வானம் இத்தனை துலக்கமாகக் கேட்டதில்லை. ஐந்து நாட்கள். ஒரு கீறல் இல்லை. எட்டுக் கோடி ஆண்டு நடந்து வந்த ஓர் அலை முழுசாக வீடு வந்து சேர்ந்திருக்கிறது. இதைச் சாதித்தது யார்? நம் அலைத்தூய்மை அலுவலகம். எப்படிச் சாதித்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். நல்ல நிர்வாகம் என்பது கேட்காமல் இருப்பது."

அதிகாரிக்குச் சால்வை போட்டார்கள். அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, போன், பீரோ, டோக்கன் மூன்றையும் முடித்து, சால்வை கலையாத அதிகாரி முன் போய் நின்றாள். சிரிக்கத் தெரியாத அவள் முகம் சிரிப்புக்குப் பக்கத்தில் போயிருந்தது.

"பாக்கி தீந்துடுச்சுங்க. மெஷினைக் குடுங்க."

அதிகாரி நீலப் புத்தகத்தை வாங்கி, எழுதி, ஊதி, திருப்பிக் கொடுத்தார். நூற்று எழுபத்தேழு மணி நாற்பது நிமிடம்.

"அஞ்சு நாளா உங்க பெட்டிகிட்டேர்ந்து தகவலே இல்லைம்மா. சத்தம் இல்லைன்னு அது சொல்லாத நேரம் பூராவும் சத்தம் இருந்ததாத்தான் எடுத்துக்கணும். அஞ்சு நாள், நூத்தி இருபது மணி."

"உங்க கூரைக் காது என்ன சொல்லுது?"

"அது சத்தம் இல்லைங்குது. ஆனா கடுமையானது எதுவோ..."

"குடையைக் கேளுங்க. இப்பத்தானே கீழ சால்வை போட்டாங்க."

"குடை வேற பிரிவு," என்றார் அதிகாரி. "அவங்க கணக்கை நாங்க கேக்க முடியாது. எங்க கணக்கை அவங்க கேக்க முடியாது. அப்படி இருக்கறதாலதான் ரெண்டு பிரிவும் நேர்மையா இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லட்டுமா? இந்த அளவு அமைதி இயற்கையில கிடையாது. எனக்கு அப்பவே சந்தேகம்."

அன்று மாலையே சட்டிகளைக் கழற்றினார்கள். முதல் பெட்டி சரியாகப் பேசுகிறதா என்று கண்காணிக்க அதே கம்பத்தில் இரண்டாவது பெட்டி ஏறியது. அதுவும் பத்து நிமிடத்துக்கு ஒருதடவை. ஏரியல்தான் மாட்டினான். ஏணியிலிருந்து இறங்கும்போது அவள் பக்கம் திரும்பவில்லை.

சித்தாள் கூண்டுக் கதவருகே போய் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். விரல் எதையும் உயர்த்தவில்லை. கையை நீட்டி அவள் பிடரியில் வைத்து, கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினார். மூன்றாவது அழுத்தலுக்குப் பலம் போதவில்லை, கை அங்கேயே கிடந்தது.

அதற்கு ஐந்தாம் நாள் காலை, அவள் வாசலில் சுள்ளி பற்றவைத்துத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, உள்ளே இழுப்பு நின்றது. கொஞ்ச காலமாக வீடே அந்த இழுப்பின் தாளத்தில்தான் இருந்தது. அவள் எழுந்து போனாள். பதினாறு கொக்கி. அவர் சாக்கின் மேல் கவிழ்ந்தபடி, எதையோ யோசிப்பவர் போல இருந்தார். வெளியே எடுக்கும்போது கூண்டுக் கதவு கட்டிலுக்குப் போதவில்லை. கொத்தனாரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து அவரைத் தனியாகத் தூக்கினார்கள். முப்பது வருஷம் பாறை பெயர்த்த உடம்பு ஒரு மூட்டை சிமென்ட் கனமும் இல்லை.

பதினைந்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. மெஷினுக்காக அடுத்த ஆள் காத்திருக்கிறார், உடனே திருப்பித் தரவும். அதை எடுத்துக்கொண்டு அவள் அதிகாரியிடம் போனாள். புது மாடிக்கு அறை மாறியிருந்தார். சுவர் இன்னும் ஈரம் காயவில்லை. அறை மூலையில் மூச்சு மெஷின், குழாய் சுற்றிவைத்தபடி, ஒரு சீட்டு கட்டி, இருந்தது.

அதிகாரி எழுந்து நின்றார். மெய்யாகவே கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்காக ஒரு நல்ல காரியம் பண்ணி வச்சிருக்கேன்மா. அன்னைக்குக் காலையில உள்ள பதிவை நானே எடுத்துப் பாத்தேன். அவர் போன நேரத்துக்கு முன்னால எவ்வளவு சத்தமோ, பின்னாலயும் அதே சத்தம். ஒரு இம்மி குறையலை. அதாவது, அவர் காரணமே இல்லைன்னு நிரூபணம் ஆயிடுச்சு." ஒரு தாளை இரண்டு கையாலும் நீட்டினார். "குற்றமற்றவர்னு சான்றிதழ். இயக்குநர் கையெழுத்தே வாங்கிட்டேன். இது இந்த அலுவலகத்துல இதுவரைக்கும் யாருக்கும் கிடைச்சதில்லை."

அவள் வாங்கிக்கொண்டாள். "அப்ப மெஷினைக் குடுத்துடுவீங்களா?"

"தாராளமா. அவர் பேர்லதான் எடுத்தோம். அவர் வந்து ஒரு கையெழுத்துப் போட்டா எடுத்துட்டுப் போயிடலாம்."

"அவர் செத்துட்டாருங்க."

"தெரியும்மா. என் வருத்தத்தைச் சான்றிதழ்லயே முதல் வரியா எழுதியிருக்கேனே."

"நான் போடறேன். நான்தானே வாரிசு."

அதிகாரி பித்தளை மணியை ஒருமுறை தடவிவிட்டுக் கையை எடுத்தார். "போடலாம். ஆனா வாரிசுன்னு வந்தா மெஷினோட பாக்கியும் உங்க பேருக்கு வந்துடும். பாக்கி தீந்தாத்தான் மெஷின்."

"அவர் மேல குத்தம் இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்களே. அப்புறம் என்ன பாக்கி?"

"குத்தம் அவர் மேல இல்லை. சத்தம் இருக்கே. யாராவது ஒருத்தர் பேர்ல எழுதியாகணும்."

அவள் மூலையிலிருந்த மெஷினைப் பார்த்தாள். எங்கோ ஒருவர் சாக்கின் மேல் கவிழ்ந்துகொண்டு அதற்காகக் காத்திருக்கிறார். பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். அதிகாரி நீலப் புத்தகத்தில் பழைய பெயரை அளவுகோல் வைத்து நேராக அடித்துவிட்டு, அவள் பெயரை எழுதி, ஈரம் காயும்வரை விசிறிக் கொடுத்தார். மெஷின் மூலையிலேயே இருந்தது.

வெளியே கலவை தயாராக இருந்தது. கொத்தனார் சட்டியை நீட்டினார். அவள் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தலையைக் கொடுத்தாள். அன்றைய தேதிக்கு அவள் கட்ட வேண்டியிருந்தது இருநூற்று எழுபத்து மூன்று மணி நாற்பது நிமிட அமைதி.